மனந்திரும்புதலின் கனிகள்

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இருபத்தேழு வயதுடைய ஐரிஷ் மிஷனெரி ஒருவர் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்து திருச்சபையின் செனானா மிஷனெரி சங்கத்தார் நடத்திய மருத்துவமனை ஊழியத்திற்கென வந்த ஏமி கார்மைக்கேல் அவர். வந்த சில நாட்களிலேயே டெங்குக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. எனினும் சரீர பலவீனத்தைப் பார்க்கிலும் வேறொரு காரியம் அவரை அதிகமாய் வருத்தியது. மருத்துவமனையும் பள்ளிகளும் இருந்தன; பணிகள் ஒழுங்காய் நடந்தன; ஆனால் மெய்யாகவே மனந்திரும்பி ஆண்டவரண்டை வருவோர் அரிதாயிருந்தனர்.

மெய்யான மனந்திரும்புதல் இன்னதென்பதை அவர் தம் வாலிபத்திலேயே அறிந்திருந்தார். பெல்பாஸ்ட் நகரில் ஒரு ஞாயிறு காலை, ஆராதனை முடிந்து தம்பிமாருடன் வீடு திரும்புகையில், பாரமான மூட்டையைச் சுமந்து தள்ளாடிய ஏழை மூதாட்டிக்கு அவர்கள் கைகொடுத்தனர். எதிரே வந்த கண்ணியமான மக்களின் பார்வை பட்டதும் ஏமியின் முகம் வெட்கத்தால் சிவந்தது. அந்நேரத்தில், அக்கினியில் சோதிக்கப்படும் வேலைப்பாட்டைக் குறித்து 1 கொரிந்தியர் மூன்றாம் அதிகாரம் கூறும் சத்தியம் அவருடைய உள்ளத்தைத் துளைத்தது. அன்று பிற்பகல் அறைக்கதவைப் பூட்டி, தேவனுக்கு முன்பாக முழங்காற்படியிட்டார். பிறர் கண்டிக்கத்தக்க குற்றம் எதையும் அவர் செய்திருக்கவில்லை. மனுஷரின் மதிப்பை நாடிய பெருமையே தம் பாவம் என்று உணர்ந்து, அதை விட்டுத் திரும்பினார். அதன் கனி விரைவில் வெளிப்பட்டது. தொப்பி வாங்க வகையின்றித் தலையில் சால்வை போர்த்திச் சென்ற ஆலைப் பெண்களுக்காக அவர் உழைத்தார். 1889-இல் அவர்களுக்கென்றே தகரத்தாலான ஒரு கூடம் எழும்பியது.

பெங்களூரில் தமிழ் கற்கத் தொடங்கிய அவர், 1896-ஆம் ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார். 1901 மார்ச் மாதம், கோவிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன்பின் டோனாவூர் அநேகம் பிள்ளைகளுக்குத் தாய்வீடாயிற்று.

1905 அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை. டோனாவூரில் காலை ஆராதனை முடியும் தருவாயில், பேசிக்கொண்டிருந்த ஏமியால் மேற்கொண்டு பேச இயலவில்லை. ஆவியானவரின் வல்லமை அவரை மேற்கொண்டது. பள்ளி மாணவன் ஒருவன் ஜெபிக்க எழும்பி உடைந்துபோனான், அடுத்து மற்றொருவன், பின்பு சிறுவர், பெண்கள் யாவரும் பாவமன்னிப்புக்காகக் கதறினர். நான்கு மணி நேரத்திற்கும் மேலாக அந்த ஜெபம் ஓயவில்லை.

எனினும் அன்று சிந்திய கண்ணீரோடு ஏமி திருப்தியடையவில்லை. தொடர்ந்த மாதங்களில் காணப்பட்ட வாழ்வின் மாற்றத்தையே அவர் மெய்யான அடையாளமாக எண்ணினார். பிள்ளைகளில் பெரும்பாலோர் புதிதாக்கப்பட்டனர். சோர்ந்திருந்த ஊழியர் உயிர்ப்பிக்கப்பட்டனர்.

1931-இல் நேர்ந்த விபத்திற்குப்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறைக்குள்ளேயே முடங்கியும், எழுத்தினாலும் ஜெபத்தினாலும் ஊழியத்தைத் தொடர்ந்தார். 1951 ஜனவரி 18 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தம் அடக்க இடத்தில் நினைவுக்கல் நாட்டவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டபடியே, பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டி மாத்திரம் அங்கே வைக்கப்பட்டது. மனுஷர் பார்வைக்காக ஒருநாள் வெட்கப்பட்டவர், மனுஷரின் புகழ் தமக்கு வேண்டாம் என்று ஓட்டத்தை முடித்தார். பாவத்தைப் பாவமென்று ஒப்புக்கொண்டு அனுதினமும் அதைவிட்டு விலகும் உள்ளத்தில், ஜெயங்கொடுக்கிறவர் கிறிஸ்துவே.