சாதாரணப் பெண் தில்லையாடி வள்ளியம்மை



தலைவர் வரலாறு எழுதச் சொன்னா, சின்ன வயசிலேயே பெரிய அறிவாளியா இருந்தவங்களைத்தான் எல்லாரும் தேர்ந்தெடுப்போம். நான் வகுப்பில் முதல் ரேங்க்கும் இல்லை, கடைசி ரேங்க்கும் இல்லை. விளையாட்டு விழாவில் கைதட்டுற கூட்டத்தில் இருப்பேன். அதனால் என்னை மாதிரி ஒரு சாதாரணப் பெண்ணைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். அவங்கதான் தில்லையாடி வள்ளியம்மை.

தில்லையாடி நமக்கு ரொம்பப் பக்கம். பூவத்தில் இருந்து நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினா பொறையாறு, அதுக்குப் பக்கத்தில் தில்லையாடி. அந்தக் காலத்தில் நம்ம கரையில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி, அந்தக் கரையில் ஆங்கிலேயர் ஆட்சி. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட அந்தக் குடும்பம் பிழைப்புக்காகத் தென்னாப்பிரிக்கா போனது. அப்பா முனுசாமி முதலியார் ஒரு சிறு வியாபாரி. 1898 பிப்ரவரி 22-ல் ஜோகன்னஸ்பர்க் நகரில் வள்ளியம்மை பிறந்தாங்க. தன் பெயரோடு சேர்ந்த ஊரை அவங்க கண்ணால் பார்த்ததே இல்லை. பட்டம், பதவி, மேடைப் பேச்சு எதுவும் கிடையாது. வியாபாரி வீட்டுப் பொண்ணு, அவ்வளவுதான்.

1913-ல் அங்கே ஒரு நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் சட்டப்படி செல்லாதுன்னு தீர்ப்புச் சொன்னது. ஒரே நாளில் நம்ம ஊர் அம்மாக்கள் யாரும் மனைவி இல்லைன்னு ஆச்சு! இதுபோக, ஒப்பந்தம் முடிந்த கூலிகள் நேட்டால் மாகாணத்தில் தங்கணும்னா வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்டணும். புதுசா வந்த கூலிக்கு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுண்டுன்னா 60 ஷில்லிங், அதாவது ஆறு மாசச் சம்பளம். 13 வயசு தாண்டின பெண் பிள்ளைக்கும் இந்த வரி உண்டு.

காந்தியடிகள் போராட்டத்துக்குப் பெண்களையும் அழைத்தார். வள்ளியம்மை இருந்தது டிரான்ஸ்வால் மாகாணம். நேட்டால் வரி அவங்க வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஆனாலும் அக்டோபர் மாதம் அம்மாவோடு அனுமதி இல்லாமல் எல்லையைத் தாண்டிப் போனாங்க. டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுமையான காய்ச்சல் வந்தது. முன்கூட்டியே விடுவிக்கிறோம்னு சொன்னாங்க. வள்ளியம்மை அதை ஏற்கவில்லை. விடுதலையாகி வந்தபோது உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. காந்தியடிகள் பார்க்க வந்து, சிறைக்குப் போனதுக்கு வருத்தமா என்று கேட்டார். வருத்தம் இல்லை, இப்போ கூப்பிட்டாலும் போவேன் என்று அவங்க பதில் சொன்னாங்களாம். 1914 பிப்ரவரி 22, தன் 16-ஆவது பிறந்த நாளிலேயே உயிர் பிரிந்தது. அதே ஆண்டு அந்த வரியும் ஒழிந்தது, நம்மவர் திருமணங்களும் செல்லும் என்று சட்டம் வந்தது.

இன்று தில்லையாடியில் அவங்களுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. 1997-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கல்லறையின் நினைவுக்கல்லை நெல்சன் மண்டேலா திறந்து வைத்தார். 2008-ல் நம் நாடு தபால்தலை வெளியிட்டது.

ஆனால் ஒரு விஷயம் என் மனதை உறுத்துது. அதே போராட்டத்தில் சிறைக்குப் போன எத்தனையோ பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. வள்ளியம்மை உயிரோடு வீடு திரும்பியிருந்தா, அவங்க பெயரும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அப்போதும் அவங்க செஞ்சது இதே காரியம்தானே? எல்லையைத் தாண்டின அன்று அவங்க வீராங்கனை இல்லை, நம்மைப் போல ஒருத்தி. வீராங்கனை என்ற பட்டத்தை நாம்தான் பிறகு கொடுத்தோம்.

நம் வகுப்பில் பரிசே வாங்காதவங்க நிறையப் பேர் இருக்கோம். நம்மால என்ன ஆகும்னு நினைக்க வேண்டாம் தோழிகளே, தோழர்களே! விடுமுறையில் ஒருநாள் ஆற்றைத் தாண்டிப் போய் அந்த மண்டபத்தைப் பார்த்துட்டு வாங்க.



இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி, பூவம்