சிறு நகரின் பெருங்கலைஞர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1856ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் லூயி சல்லிவன் பிறந்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பின்னர்ப் பாரிஸ் நகரின் கலைப்பள்ளியிலும் கட்டடக்கலை பயின்றார். சிகாகோவில் டாங்க்மார் ஆட்லருடன் இணைந்து தொழில் நடத்தினார். எஃகுச் சட்டகம் தாங்கும் உயர்ந்த கட்டடங்கள் அக்காலத்தில்தான் எழத் தொடங்கியிருந்தன. அவற்றின்மீது பழைய அரண்மனைகளின் சாயலைப் போர்த்துவது பொருந்தாது எனச் சல்லிவன் கருதினார். கட்டடத்தின் வடிவம் அதன் பயன்பாட்டிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. செயின்ட் லூயிஸ் நகரில் 1891இல் நிறைவுற்ற பத்து மாடி வெயின்ரைட் கட்டடம் அதற்குச் சான்றாயிற்று.

புகழின் உச்சியில் இருந்தவரைக் காலம் கீழிறக்கியது. 1893இல் பொருளாதார நெருக்கடி சூழ்ந்தது. அவ்வாண்டு சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் வெண்ணிறக் கட்டடங்கள், கிரேக்க, உரோமானியப் பாணியின்மீது மக்களுக்கு மோகத்தை ஏற்படுத்தின. 1895இல் ஆட்லரும் பிரிந்தார். பணிகள் அருகின. 1909இல் சல்லிவனின் நூல்களும் கலைப்பொருள்களும் ஏலத்தில் விலைபோயின.

பெருநகரம் மறந்தவரைச் சிறு நகரங்கள் அழைத்தன. அவற்றுள் ஒன்று, தானிய ஆலைகளால் வளர்ந்த அயோவா மாநிலத்துச் சீடர் ராபிட்ஸ். வங்கி என்றால் கிரேக்கக் கோயில்போல் தூண் வரிசை வேண்டும் என்பது அன்றைய வழக்கம். சல்லிவனோ 1912இல் அங்குச் செங்கல்லால் எளிய வங்கி ஒன்றை எழுப்பினார். நடுக்கூடம் சுற்றியுள்ள அறைகளைவிட உயர்ந்து நின்றது; அதன் மேற்சாளரங்கள் வழியே பகலொளி உள்ளே பரவியது.

அந்நகரின் புனித பால் மெதடிஸ்ட் தேவாலயத்திற்கும் அவரே வரைபடம் வகுத்தார். அனைவரும் உரையை நன்கு கேட்பதற்காக வழிபாட்டுக் கூடத்தை அரைவட்டமாக அமைத்தார். செலவைக் குறைக்குமாறு கேட்டபோது, தம் வடிவமைப்பு சிதைவதை ஏற்க மனமின்றிப் பணியிலிருந்து விலகினார். வரைபடத்தைப் பிறர் மாற்றினர். முன்னாள் உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லி அதனைச் சீர்செய்ய உதவினார். 1914இல் நிறைவுற்ற ஆலயத்தில் அணிவேலைப்பாடுகள் குறைந்தன. அரைவட்ட அமைப்பு நிலைத்தது.

1924 ஏப்ரல் 14 அன்று சிகாகோவில் வறுமையிலேயே சல்லிவன் மறைந்தார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் தங்கப்பதக்கம் 1944இல்தான் அவருக்கு வழங்கப்பட்டது. 2008இல் பெருவெள்ளம் புகுந்த வங்கிக் கட்டடம் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. வானளாவிய கட்டடத்திற்குச் செலுத்திய அதே கருத்தைச் சிறு நகரின் வங்கிக்கும் ஆலயத்திற்கும் அவர் செலுத்தினார். பணியின் அளவு சுருங்கியபோதும் அவர்தம் உழைப்பின் தரம் சுருங்கவில்லை.