வானில் மறைந்த வீராங்கனை

விமானம் ஓட்டுவது ஆண்களுக்கே உரிய வேலை என்று உலகம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய பெண்மணிகளுள் தலைசிறந்தவர் அமெரிக்க நாட்டு அமேலியா இயர்ஹார்ட். அவர் எப்படி மறைந்தார் என்பதைப் பற்றி உலகம் இன்றும் ஓயாமல் பேசுகிறது. அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை முதலில் நாம் தெரிந்துகொள்வோம்.

1897-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்தில் அமேலியா பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். அவருடைய குடிப்பழக்கத்தால் குடும்பம் நிலைகுலைந்து ஊர் ஊராக அலைந்தது. முதல் உலகப் போரின்போது கனடாவின் டொராண்டோ நகரில் காயமுற்ற வீரர்களுக்கு அமேலியா பணிவிடை செய்தார். 1920-ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முறையாக விமானத்தில் ஏறிச் சில நிமிடங்கள் பறந்தார். தாமும் விமானி ஆகவேண்டும் என்று அன்றே உறுதி பூண்டார். கிடைத்த வேலைகளைச் செய்து பணம் சேர்த்து, நேட்டா ஸ்னூக் என்னும் பெண் விமானியிடம் பயிற்சி பெற்றார்.

1928-ஆம் ஆண்டு இரண்டு ஆண்களுடன் அட்லாண்டிக் கடலை விமானத்தில் கடந்தார். அவ்வாறு கடந்த முதல் பெண் என்று உலகம் அவரைக் கொண்டாடியது. ஆனால் விமானத்தை ஓட்டியவர்கள் மற்றவர்களே. உழைக்காமல் வந்த அந்தப் புகழில் அமேலியாவின் மனம் நிறைவு கொள்ளவில்லை. 1932-ஆம் ஆண்டு மே மாதம் தாமே தனியாகப் புறப்பட்டார். உயரங்காட்டும் கருவி பழுதடைந்தது. இறக்கைகளில் பனி உறைந்தது. ஆயினும் ஏறத்தாழ 15 மணி நேரம் பறந்து, வட அயர்லாந்தின் புல்வெளி ஒன்றில் இறங்கினார்.

அடுத்து அவர் நாடியது உலகைச் சுற்றும் பயணம். 1937-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் வழிகாட்டுநர் பிரெட் நூனனுடன் மயாமியை விட்டுப் புறப்பட்டார். ஆப்பிரிக்காவைக் கடந்து, கராச்சியிலும் கல்கத்தாவிலும் இறங்கி, நியூகினித் தீவின் லே நகரை அடைந்தார். 22,000 மைல்கள் முடிந்தன. 7,000 மைல்களே எஞ்சின.

ஜூலை 2-ஆம் நாள் லேயிலிருந்து 2,500 மைலுக்கு அப்பாலுள்ள ஹௌலண்டு தீவை நோக்கிப் பறந்தார். அத்தீவின் நீளம் ஒன்றரை மைல். அகலம் அரை மைல். பசிபிக் பெருங்கடலில் அது ஒரு சிறு புள்ளியே. அங்கே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால் கப்பலிலிருந்து பேசியது அவருக்குக் கேட்கவில்லை. எரிபொருள் குறைகிறது என்று தெரிவித்தார். பின்னர் அந்தக் குரலும் அடங்கிவிட்டது. கப்பல்களும் விமானங்களும் இரு வாரங்களுக்கு மேல் தேடியும் பயனில்லை.

அதன்பின் எத்தனையோ ஊகங்கள் பிறந்தன. ஜப்பானியர் சிறைபிடித்தனர் என்றனர் சிலர். 2017-இல் அதற்குச் சான்றாக ஒரு புகைப்படம் காட்டப்பட்டது. அது 1935-லேயே அச்சான நூலில் இருந்தது என்று சில நாள்களிலேயே வெளிப்பட்டது. தெற்கேயுள்ள நிக்குமரோரோ தீவில் ஒதுங்கி மாண்டிருப்பார் என்பது மற்றொரு கருத்து. 1940-இல் அங்கே மனித எலும்புகள் கிடைத்தன. அவை ஆணுடையவை என்றார் அன்றைய மருத்துவர். அவர் குறித்த அளவுகள் அமேலியாவுக்குப் பொருந்துகின்றன என்றார் 2018-இல் ஓர் ஆய்வாளர். எலும்புகளோ காணாமற் போய்விட்டன. 2024-இல் ஆழ்கடலில் விமானம் தென்பட்டதாக ஒரு செய்தி பரவியது. அது பாறை என்று அவ்வாண்டே தெரிந்தது. எரிபொருள் தீர்ந்து, ஹௌலண்டுக்கு அருகே கடலில் மூழ்கினார் என்பதே அறிஞர் பலரும் ஏற்கும் முடிவு.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. சுமையைக் குறைக்க எண்ணி, வானொலிக்கான நீண்ட கம்பியை அமேலியா மயாமியிலேயே விட்டுவிட்டார். மோர்ஸ் தந்திக் குறிகளில் இருவருக்கும் போதிய பயிற்சி இல்லை. மலை போன்ற துணிவு இருந்தும், சிறு ஆயத்தங்களில் குறை நேர்ந்தது. இதைச் சொல்வதால் அவர் பெருமை குன்றாது. வீரரைப் போற்றுவதோடு அவர் தவறிய இடத்தையும் அறிந்து திருந்துவதே உண்மையான மரியாதை.

பெண் விமானிகள் 1929-இல் தொடங்கிய தொண்ணூற்றொன்பதின்மர் சங்கத்தின் முதல் தலைவி அமேலியா. அச்சங்கம் இன்றும் இளம் பெண்களுக்கு விமானப் பயிற்சிக்கு உதவி வருகிறது. அவருடைய விமானத்தைக் கடல் மறைத்திருக்கலாம். அவர் திறந்துவிட்ட வானம் நம் கண்முன் விரிந்தே கிடக்கிறது. துணிவோடு ஆயத்தத்தையும் துணைகொண்டு நாமும் உயர்வோமாக!