லைசென்ஸ் ராஜை எதிர்த்த ராஜாஜி, விற்பனை வரியைக் கொண்டு வந்தவரும் அவரே! எப்படி?

ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு பில்லைப் பார்த்தால் கடைசியில் ஜிஎஸ்டி என்று ஒரு தொகை இருக்கும். 2017-க்கு முன்னால் அது வாட். அதற்கும் முன்னால் விற்பனை வரி. பொருள் எதுவானாலும், விற்றால் வரி என்ற பொது விற்பனை வரியை இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டு வந்தது சென்னை மாகாணம்தான். வருஷம் 1939. கொண்டு வந்தவர் ராஜாஜி.

அதே ராஜாஜிதான் 20 வருஷம் கழித்து, அரசு மக்களின் தொழிலில் தலையிடக் கூடாது, வரிச்சுமை குறையணும் என்று தனிக் கட்சியே ஆரம்பித்தார். இந்தியாவில் சுதந்திரச் சந்தை பேசுகிறவர்கள், லிபர்டேரியன்கள் உட்பட, இன்றைக்கும் முன்னோடி என்று காட்டும் பெயர்களில் ஒன்று அவருடையது. ஆனால் அந்த வட்டத்துக்குள் அவர் முழுசாகப் பொருந்துவாரா என்றால், அங்கேதான் சிக்கல்.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10-ம் தேதி, ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வக்கீல், 1917-ல் நகராட்சித் தலைவர், பிறகு காந்தியின் நெருங்கிய தோழர். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை சுமார் 100 தொண்டர்களோடு நடந்து போய் உப்பு எடுத்துச் சிறைக்குப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. கடலோரத்தில் கிடக்கிற உப்பை எடுக்க சர்க்கார் அனுமதி எதற்கு என்பதுதான் அந்தப் போராட்டத்தின் கேள்வி. பிற்கால ராஜாஜியைப் புரிந்துகொள்ள இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார் (அன்றைக்கு முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர்). அக்டோபரிலேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. கள், சாராய வருமானம் போனது. மதுவிலக்கு மற்ற மாவட்டங்களுக்கும் பரவ, கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் விற்பனை வரி. ஒருவர் என்ன குடிக்கலாம் என்பதை அரசு முடிவு செய்தது. அதற்கான செலவை எல்லோருடைய கடை பில்லிலும் ஏற்றியது. சுதந்திரச் சந்தைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி இருக்க முடியாது. போதாததற்கு 1938-ல் பள்ளிகளில் கட்டாய இந்தி. அதை எதிர்த்துச் சிறை போன நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரிழந்தார்கள்.

சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் எல்லாம் முடிந்து, 1952 ஏப்ரலில் மீண்டும் சென்னை முதல்வர் ஆனபோது அவர் முன்னால் இருந்தது அரிசிப் பிரச்னை. உலகப் போர்க் காலத்தில் வந்த ரேஷன் முறை போகவே இல்லை. விவசாயி தன் நெல்லை அரசு சொன்ன விலைக்கு அரசிடம் கொடுக்கணும். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி மூட்டை கொண்டு போவதே குற்றம். கடையில் அரிசி இருக்காது, கள்ளச்சந்தையில் இருக்கும்.

பதவிக்கு வந்து இரண்டே மாதத்தில், ஜூனில், அந்தக் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார். டெல்லியில் உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். விலை எகிறும், பஞ்சம் வரும் என்று பயந்தவர்கள் நிறைய. ஆனால் பதுக்கி வைத்த அரிசி வெளியே வந்தது. 1954-க்குள் நாடு முழுக்கவே உணவுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ராஜாஜியின் பொருளாதாரப் பார்வைக்கு ஒரே ஒரு சாட்சி கேட்டால் இதைத்தான் சொல்லணும். கட்சி ஆரம்பித்துப் பேசியதை எல்லாம் விட, நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த ரிஸ்க் இது.

அதே ஆட்சியில், 1953-ல், இன்னொரு முடிவு. தொடக்கப் பள்ளியில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பா அம்மாவின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற திட்டம். இரண்டு ஷிஃப்ட் வைத்தால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம், செலவும் குறையும் என்பது அவர் கணக்கு. ஆனால் சவரத் தொழிலாளியின் மகன் சவரம்தான் கற்கணுமா? குலக்கல்வி என்று பெயர் வைத்து பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள்; சொந்தக் கட்சிக்குள்ளும் எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் ராஜாஜி விலக, காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. நெல்லுக்குக் கிடைத்த நடமாட்டச் சுதந்திரம் அந்தப் பிள்ளைகளுக்கு அவர் திட்டத்தில் இல்லை. இந்த முரணைத் தாண்டி அவரை வெறும் சுதந்திர வீரராகப் புகழ முடியாது.

80 வயதில் ஒரு ஸ்டார்ட்அப்

1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. சொந்த நிலம் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் கிராமங்களில் பரவியது. ஏற்கெனவே காங்கிரஸை விட்டு வெளியேறியிருந்த ராஜாஜி, ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். அப்போது அவருக்கு 80 வயது. விவசாயிகள் தலைவர் என்.ஜி.ரங்கா கட்சித் தலைவர். பம்பாயிலிருந்து மினு மசானி கூட நின்றார்.

அவர் எதிர்த்த முறைக்கு அவரே வைத்த பெயர்தான் பெர்மிட் லைசென்ஸ் ராஜ். அது எப்படி வேலை செய்தது? 1951-ம் வருஷச் சட்டப்படி முக்கியத் தொழில்களில் தொழிற்சாலை தொடங்க டெல்லி லைசென்ஸ் வேணும். விரிவாக்க வேணும். வேறு பொருள் தயாரிக்க வேணும். அனுமதித்த அளவைவிட அதிகம் உற்பத்தி செய்தால் பாராட்டு இல்லை, தப்பு. இயந்திரம் இறக்குமதி செய்யத் தனி பெர்மிட். லைசென்ஸ் வாங்க முடிந்தவருக்குப் போட்டி கிடையாது. வாங்கித் தரும் இடத்தில் இருந்தவருக்குச் செல்வாக்கு. ஆளும் கட்சிக்கு நன்கொடை கொட்ட இதுவே வழி என்பதும் ராஜாஜியின் குற்றச்சாட்டு.

கட்சிக்கு ஒரு பலவீனமும் இருந்தது. மகாராஜாக்கள், ஜமீன்தார்கள், தொழிலதிபர்கள் கூட்டம் என்ற முத்திரை விழுந்தது. அது முழுப் பொய்யும் இல்லை. ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1962-ல் இந்தக் கட்சி வேட்பாளராகத்தான் ஜெயித்தார். நிலமே இல்லாத கூலி விவசாயிக்குச் சொத்துரிமை என்ற வார்த்தை என்ன தரும் என்ற கேள்விக்குக் கட்சியிடம் வலுவான பதில் இருந்ததாகத் தெரியவில்லை. ராஜாஜி நம்பியது தர்மத்தை. பணக்காரர் தன் சொத்தைச் சமூகத்தின் சார்பில் காப்பவராக நடக்கணும் என்ற காந்தியின் தர்மகர்த்தா கொள்கையை.

1967 தேர்தலில் சுதந்திராக் கட்சிக்கு மக்களவையில் 44 இடங்கள், பெரிய எதிர்க்கட்சி. தமிழ்நாட்டில் கூட்டணி யாரோடு? திமுகவோடு! இந்தியைத் திணித்தவர் என்று 30 வருஷம் முன்னால் யாரைத் திட்டினார்களோ, அவர் இப்போது இந்தி எதிர்ப்பில் அவர்கள் பக்கம். திமுக கொடுத்த வாக்குறுதியோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி! காங்கிரஸின் ஏகபோகத்தை உடைத்தால் போதும் என்பது ராஜாஜியின் கணக்கு. அது உடைந்தது, அவர் நினைத்த பொருளாதாரம் மட்டும் வரவில்லை.

1971-ல் காமராஜரோடு சேர்ந்து நின்று தோற்றார். மக்களவையில் கட்சிக்கு 8 இடம்தான் மிஞ்சியது. அதே வருஷம் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுத்தபோது, 92 வயதில் முதல்வர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் கடைசியில் கடைகள் திறந்தன.

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். 1974-ல் சுதந்திராக் கட்சியின் பெரும்பகுதி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. அது பிறகு ஜனதாவில் சேர்ந்தது. அந்த ஜனதா அரசுதான் 1978-ல் 44-வது திருத்தம் மூலம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து எடுத்தது. தொழில் லைசென்ஸ் 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு ரத்தானது 1991 ஜூலையில். செய்தது காங்கிரஸ் அரசு.