கடைக்காரர் கட்டிய படிக்கட்டு: ஸ்ரீ புரந்தரதாசர்



நம்ம கோயில் பஜனைக் குழுவில் இப்படி ஒரு தம்பி கண்டிப்பா இருப்பார். எந்தப் பாட்டைக் கேட்டாலும் ரெண்டே நிமிஷத்தில் கீபோர்டில் வாசித்துவிடுவார். யாரிடமும் போய்க் கற்றதில்லை. காதுதான் குரு, யூடியூப்தான் பள்ளிக்கூடம். நாமும் கைதட்டி ரசிக்கிறோம்.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, பாடுகிற அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொல்கிறார். தம்பி முழிக்கிறார். பழகிய இடத்தில்தான் விரல் ஓடும். ஒரு கட்டை தள்ளிப்போனால் வழி தெரியாது. டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிச் சமாளிக்கலாம்தான். ஆனால் புல்லாங்குழலிலும் வயலினிலும் நம் தொண்டையிலும் அந்தப் பட்டன் இல்லையே!

அடிப்படையைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாமே என்று சொன்னால் நம்மில் பலருக்கும் ஒரே பதில்தான். அதெல்லாம் மேடை ஏறுகிற வித்வான்களுக்கு, நாம சும்மா ஆசைக்கு வாசிக்கிறவங்க, நமக்கெதுக்கு ஸ்வரக் கணக்கும் தாளக் கணக்கும் என்று தள்ளிவிடுகிறோம். இந்த எண்ணம் சரிதானா? சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மகானின் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அவர் பெயர் சீனிவாச நாயக்கர். 1484-ஆம் ஆண்டு, வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது மரபு. தந்தை பெயர் வரதப்ப நாயக்கர். அடகு பிடிப்பதும் நகை வாங்கி விற்பதும் குடும்பத் தொழில். கன்னடமும் சமஸ்கிருதமும் படித்தவர். தந்தைக்குப் பிறகு தொழிலைக் கையில் எடுத்து மேலும் மேலும் பெருக்கினார். ஊரார் அவரை நவகோடி நாராயணன் என்றே அழைத்தார்களாம். பணம் பெருகப் பெருக கை மட்டும் இறுகிக்கொண்டே போனது. கடனுக்கு வட்டி கணக்காக வரும், தர்மத்துக்கு ஒரு காசு வராது.

மனைவி சரஸ்வதி பாய் அவருக்கு நேர் எதிர். இரக்கமே உருவானவர். அந்த அம்மையாரின் மூக்குத்திதான் கதையைத் திருப்பியது.

பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் வரலாறு இது. ஏழை அந்தணர் ஒருவர் மகனின் உபநயனத்துக்கு உதவி கேட்டுக் கடைக்கு வந்தார். இன்று போய் நாளை வா என்று நாயக்கர் பல நாள் இழுத்தடித்து, கடைசியில் ஒரு செல்லாக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தணர் நேராக வீட்டுக்குப் போய் அம்மையாரிடம் முறையிட்டார். தன் கணவர் பணத்தைத் தொட அம்மையாருக்கு உரிமையில்லை. பிறந்த வீட்டில் போட்ட மூக்குத்தி தன்னுடையதுதானே என்று அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்தணர் அதை விற்க எங்கே போனார் தெரியுமா? அதே நாயக்கரின் கடைக்குத்தான்!

மூக்குத்தியைப் பார்த்ததுமே நாயக்கருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு விரைந்தார். மூக்குத்தி எங்கே என்று கேட்டார். அம்மையாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்று பூஜையறையில் விஷக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது, கிண்ணத்துக்குள் அந்த மூக்குத்தியே வந்து விழுந்தது. கணவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நாயக்கர் கடைக்கு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பெட்டி காலி. வந்த அந்தணர் யார் என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்றோடு பழைய சீனிவாச நாயக்கர் காணாமல் போனார். சொத்து முழுவதையும் தானம் செய்துவிட்டு, மனைவி மக்களோடு வீட்டை விட்டுப் புறப்பட்டார். விஜயநகரப் பேரரசின் தலைநகரான ஹம்பியில், கிருஷ்ணதேவராயர் குருவாகப் போற்றிய வியாசதீர்த்தரைச் சரணடைந்தார். 1525-ஆம் ஆண்டு அவரிடம் தீட்சை பெற்றார் என்பார்கள். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. புரந்தர விட்டல என்பது அவருக்குக் கிடைத்த முத்திரை. பாட்டின் முடிவில் அந்த முத்திரையை வைத்தே பாடினார். அதனால் உலகத்துக்குப் புரந்தரதாசர் ஆனார்.

நாற்பது வயதில் வாழ்க்கையை முதலிலிருந்து ஆரம்பிப்பது என்றால் சும்மாவா? நமக்கு இருபது வயதிலேயே இனிமே கத்துக்க முடியுமா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது!

துளசி மாலை, தோளில் தம்புரா, கையில் சிப்ளாக்கட்டை, காலில் சலங்கை. அரண்மனையில் பாடிப் பரிசு வாங்கவில்லை. தெருத் தெருவாகப் பாடிக்கொண்டே போவார். கிடைத்த அரிசியில் அன்றைய சமையல் நடக்கும். நாளைக்கு என்று சேர்த்து வைப்பதில்லை. பண்டிதர்கள் சமஸ்கிருதத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கடைத்தெருவில் பேசுகிற கன்னடத்திலேயே பாடினார். வீட்டுக்கு வீடு இருக்கிற ராகி தானியத்தை வைத்துச் சிலேடையாக ஒரு பாட்டில் உபதேசம் செய்திருக்கிறார். தண்ணீர் எடுக்கப் போகிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் பாட வேண்டும் என்பதே அவர் ஆசை. அவர் 4,75,000 பாடல்கள் பாடினார் என்பது மரபு சொல்லும் கணக்கு. இன்று நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆயிரம்தான்.

இவ்வளவு பாடியவர் இன்னொரு வேலையும் செய்தார். அதனால்தான் அவரைச் சங்கீத பிதாமகர், அதாவது கர்நாடக இசையின் பாட்டனார், என்று வணங்குகிறோம். புதிதாக ஒருவர் இசை கற்க வந்தால் எங்கே தொடங்குவது, அடுத்து எங்கே போவது என்று ஒரு படிக்கட்டு கட்டிக் கொடுத்தார். அந்தப் படிக்கட்டில்தான் இன்றைக்கும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளை முதல் நாள் கால் வைக்கிறது.

முதல் படி சரளி வரிசை. ச ரி க ம ப த நி ச என்று எட்டு ஸ்வரம் ஏறி, அதே வழியில் இறங்க வேண்டும். ஆதி தாளத்துக்கும் எட்டு எண்ணிக்கைதான். ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டி வீசு, தட்டி வீசு. ஏறுவதற்கு ஒரு தாளம், இறங்குவதற்கு ஒரு தாளம் என்று கச்சிதமாகப் பொருந்திவிடும். முதலில் மெதுவாக, பிறகு இரண்டு மடங்கு வேகம், பிறகு நான்கு மடங்கு. தாளம் போடுகிற கை மாறாது, ஸ்வரம்தான் ஓடும். காலக் கணக்கு இப்படித்தான் உடம்பில் ஊறுகிறது.

அடுத்தது ஜண்டை வரிசை. ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும். இரண்டாவதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கு மேலே அலங்காரம். துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்ற ஏழு தாளங்களிலும் பயிற்சி நடக்கும். சூளாதி சப்த தாளங்கள் என்று இவற்றுக்குப் பெயர். தாசர்கள் பாடிய சூளாதி என்ற பாட்டு வகையிலிருந்து வந்த பெயர் அது.

இத்தனைக்கும் அவர் தேர்ந்தெடுத்த ராகம் மாயாமாளவகௌளை. பின்னாளில் வகுத்த 72 மேளகர்த்தா வரிசையில் இது 15-ஆவது. ஏன் இந்த ராகம்? உங்கள் கீபோர்டிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு கட்டை என்று நாம் சொல்கிற அந்த வெள்ளைக் கட்டையை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கறுப்பு வெள்ளை எதையும் விடாமல் எண்ணிக்கொண்டே போங்கள். ஒன்று தள்ளினால் ரி. அதிலிருந்து மூன்று தள்ளினால் க. ஒன்று தள்ளினால் ம. இரண்டு தள்ளினால் ப. மறுபடியும் ஒன்று, மூன்று, ஒன்று என்று த, நி, மேல் ச.

கவனித்தீர்களா? கீழ்ப் பாதியிலும் ஒன்று, மூன்று, ஒன்று. மேல் பாதியிலும் அதே ஒன்று, மூன்று, ஒன்று. கீழே பழகியதை மேலே அப்படியே திருப்பிச் செய்தால் போதும். மிகச் சிறிய இடைவெளியும் பெரிய இடைவெளியும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால், காது இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிடுகிறது.

இப்போது நம்ம தம்பியின் பிரச்சினைக்கு வருவோம். ச என்பது ஒரு குறிப்பிட்ட கட்டையின் பெயர் இல்லை. நாம் நிற்கிற இடத்தின் பெயர். ஒன்று, மூன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று என்ற கணக்கு மனதில் இருந்தால், எந்தக் கட்டையில் ஆரம்பித்தாலும் அதே ராகம் வந்து நிற்கும். அக்கா சுருதியை இறக்கச் சொன்னால் தம்பி பயப்பட வேண்டியதில்லை. ச-வை நகர்த்தினால் மற்றதெல்லாம் கூடவே நகரும். பட்டன் செய்கிற வேலையை மனசே செய்துவிடும். தியரி என்று பெரிய வார்த்தையில் சொல்லிப் பயப்படுகிறோமே, அதன் ஆரம்பம் இவ்வளவுதான்.

வரிசைகள் முடிந்ததும் கீதம். மலஹரி ராகத்தில் அவர் அமைத்த எளிய பாடல்கள்தான் முதலில் வரும். அவற்றில் முதலாவது பிள்ளையார் மீது. அதனால் பிள்ளாரி கீதங்கள் என்று பெயர். மலஹரி, மாயாமாளவகௌளையிலிருந்து பிறந்த ராகம்தான். ஏறும்போது க-வும் நி-யும் கிடையாது. இறங்கும்போது க மட்டும் வந்து சேரும். பழகிய ஏணியில் சில படிகளைத் தாண்டினாலே புது ராகம் பிறக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் பாடினார் என்று போற்றப்படுகிற ஒருவருக்கு, ச ரி க ம சொல்லித் தருகிற வேலை சின்ன வேலையாகத் தோன்றவில்லை. அவர் பாடியது எல்லாரும் சேர்ந்து பாடத்தான். எல்லாரும் சேர்ந்து பாட வேண்டுமானால் சுருதியும் தாளமும் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அதனால் அடிப்படை என்பது வித்வானுக்கு மட்டும் உரிய ரகசியம் இல்லை. தெருவில் பாடுகிற பக்தனுக்காகவும் போட்ட பாதை அது. காசு எண்ணிய காலத்தில் யாருக்கும் கொடுக்காதவர், தாளம் எண்ணிய காலத்தில் ஊருக்கே வாரிக் கொடுத்தார்.

1564-ஆம் ஆண்டு புஷ்ய மாத அமாவாசையில் ஹம்பியில் அவர் இறைவனடி சேர்ந்தார். விட்டலர் கோயிலுக்கு அருகே, துங்கபத்திரை ஆற்றங்கரையில் புரந்தரதாசர் மண்டபம் இன்றும் நிற்கிறது. அடுத்த ஆண்டே, 1565-இல், தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றது. ஹம்பி சூறையாடப்பட்டது. நவகோடிகள் புழங்கிய கடைவீதிகள் இடிந்து கல்லாகக் கிடந்தன. ஆனால் அந்தக் கடைக்காரர் கட்டிய படிக்கட்டில் ஒரு கல்கூட விழவில்லை. அது குருவின் வாயிலிருந்து சீடரின் வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தது. 200 ஆண்டுகள் கழித்துப் பிறந்த தியாகராஜ சுவாமிகள், தம்முடைய பிரகலாத பக்தி விஜயம் என்ற இசை நாடகத்தின் தொடக்கத்தில் புரந்தரதாசரைப் பணிந்து வணங்கியிருக்கிறார்.

தாசரின் ஆராதனை நாள் பெரும்பாலும் நம்முடைய தை அமாவாசையோடு சேர்ந்து வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே கைப்பேசியில் தம்புரா சுருதியை ஓடவிட்டு, தாளம் போட்டுப் பத்து நிமிடம் முதல் சரளி வரிசையைப் பாடிப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு வரிசை போதும். பக்கத்தில் ஒரு பாட்டு ஆசிரியர் இருந்தால் தட்சிணையோடு போய் நில்லுங்கள். தப்பு வந்தால் அவர் திருத்துவார். கோயிலில் பாடுகிற அக்காவையும் மிருதங்கம் வாசிக்கிற அண்ணனையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேடை ஏறுகிறோமா இல்லையா என்பது அப்புறம். அடுத்த வெள்ளிக்கிழமை யாராவது சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொன்னால், நம்ம தம்பி சிரித்துக்கொண்டே விரலை நகர்த்த வேண்டும். பஜனை நிற்காமல் தொடர வேண்டும். தாசருக்கு நாம் செலுத்துகிற வணக்கம் அதுதான்.