கடைசிக் காசு வரை

மாதம் பிறக்கும்போதே தவணைப் பணத்தை நினைத்துக் கலங்கும் இல்லங்கள் எத்தனையோ! சம்பளம் கைக்கு வருமுன்னரே அது பங்கு பிரிந்துவிடுகிறது. தொழில் நொடித்துப்போனவருக்கோ அப்பாரம் இரட்டிப்பாகும். அதனைச் சுமந்து கரையேறிய ஒருவரின் வாழ்வை இன்று சற்றே சிந்திப்போம்.

உலகைச் சிரிக்கவைத்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனை நீங்கள் அறிவீர்கள். 1835 இல் பிறந்த அவரது இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். எழுத்தினால் பெருஞ்செல்வம் ஈட்டிய அவர், அச்செழுத்துக்களைத் தானே கோக்கும் ஓர் இயந்திரத்தை நம்பி ஆண்டுக்கணக்காகப் பணத்தைக் கொட்டினார். அவ்வியந்திரமோ அடிக்கடி பழுதடைந்தது. அவரது பதிப்பகமும் கடனில் மூழ்கியது. செலவைக் குறைப்பதற்காக 1891 இல் ஹார்ட்போர்ட் நகரிலிருந்த தம் பெரிய வீட்டை மூடிவிட்டுக் குடும்பத்தோடு ஐரோப்பா சென்றார். 1893 இன் நிதி நெருக்கடி நிலைமையை மேலும் மோசமாக்கியது. 1894 ஏப்ரலில் பதிப்பகம் வங்குரோத்தடைந்தது. அப்போது அவருக்கு வயது 58.

ஹென்றி ரொஜர்ஸ் என்னும் வணிகர் நண்பராய் முன்வந்து, அவரது கணக்குகளைப் பொறுப்பேற்றார்; கடன்கொடுத்தோருடனும் பேசினார். கடனில் ஒரு பகுதியைச் செலுத்தி விலகிக்கொள்ளச் சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் மனைவி ஒலிவியாவின் மனம் அதற்கு இணங்கவில்லை. டொலருக்கு டொலர் முழுமையாகக் கொடுத்துவிடுவதென்று கணவனும் மனைவியும் உறுதிபூண்டனர்.

1895 ஜூலையில், ஓய்வை நாடும் வயதில், மனைவியோடும் மகள் கிளாராவோடும் அவர் உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டார். உடல்நலக் குறைவு வழிநெடுகத் தொல்லை கொடுத்தது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து கடந்து, 1896 ஜனவரியில் நம் கொழும்பிலும் கரையிறங்கினார். பின்னர் இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் பேசினார். ஈட்டிய பணம் ரொஜர்ஸிடம் சேர்ந்தது. அவர் அதைக் கடன்கொடுத்தோருக்குப் பங்கிட்டார்.

பயணம் முடிந்தபோது பேரிடி விழுந்தது. அமெரிக்காவில் தங்கியிருந்த மூத்த மகள் சூசி, 1896 ஓகஸ்டில், தம் 24 ஆம் வயதில் நோயால் இறந்தாள். தாய் கடலில் பயணஞ்செய்துகொண்டிருந்தார். தந்தை இங்கிலாந்தில் தனித்திருந்தார். இருவராலும் மகளின் முகத்தை உயிரோடு காண இயலவில்லை. அந்தத் துயரத்தோடு இலண்டனில் ஒதுங்கி வாழ்ந்து, பயண நூலை எழுதி முடித்தார். 1897 இல் ஒரு நியூயோர்க் நாளிதழ் அவருக்காக நிதி திரட்டத் தொடங்கியது. முதலில் இணங்கிய அவர், குடும்பத்தினரின் விருப்பத்துக்கிணங்க அதனை மறுத்துவிட்டார். 1898 இன் தொடக்கத்தில் கடன் முற்றாகத் தீர்ந்தது.

பிரியமானவர்களே, அவரைப்போல் உலகைச் சுற்றிச் சம்பாதிக்க நம்மால் இயலாது. முழுக் கடனையும் தீர்க்க எல்லோராலும் முடிவதுமில்லை. சட்டம் தரும் சகாயத்தைப் பெறுவது பாவமுமன்று. எனினும் அவரிடம் கற்கக்கூடியவை சில உண்டு. அவர் வரவுக்கு மிஞ்சிய பெரிய வீட்டை மூடினார். கணக்கை மறைக்காமல், நம்பத்தக்க ஒருவரிடம் திறந்து காட்டினார். கடன்கொடுத்தவர்களுக்கு ஒளித்துத் திரியவில்லை. வீட்டாரின் ஆலோசனையையும் தள்ளவில்லை.

எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையை நினைவுகூருங்கள். எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்தபின், மீந்ததைக்கொண்டு பிழைக்கும்படியே அவளுக்குச் சொல்லப்பட்டது. இந்த மாதம் உங்களால் இயன்றது சிறு தொகைதானா? கடன்கொடுத்தவரை நேரிற் கண்டு, நிலைமையை மறையாது கூறி, அத்தொகையைக் கொடுங்கள். உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணக்கைக் காட்டுங்கள். தனியே சுமப்பதைவிடப் பகிர்ந்து சுமக்கும் பாரம் இலகுவாகும்.