ஜெயிலில் இருந்தே ஜனாதிபதி தேர்தலில் நின்ற ரெயில்வே தொழிலாளி

நீராவி என்ஜின் ஓடிய காலத்தில் பயர்மேன் என்று ஒரு வேலை உண்டு. கரியை அள்ளி அள்ளி நெருப்பில் போடவேண்டும். அந்த வேலை பார்த்த ஒருவர், அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் 5 முறை போட்டியிட்டார். ஐந்தாவது முறை அவர் ஜெயில் கைதி!

அவர் பெயர் யூஜின் டெப்ஸ். இண்டியானா மாநிலத்தில் டெர்ரே ஹோட் என்ற ஊரில் 1855-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி பிறந்தார். பெற்றோர், பிரான்சில் இருந்து பிழைக்க வந்தவர்கள். 14 வயதில் படிப்பை விட்டு ரெயில்வே பட்டறையில் சேர்ந்தார். பிறகு பயர்மேன் ஆனார். மகன் விபத்தில் சாவானோ என்று தாயார் பயந்ததால், 1874-ல் வேலையை விட்டு, மொத்த மளிகைக் கடையில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். ஆனால் மனம் என்னவோ தண்டவாளத்திலேயே கிடந்தது. பயர்மேன் சங்கத்துக்காக உழைத்தார். அதன் பத்திரிகையையும் நடத்தினார்.

அப்போது டிரைவருக்கு ஒரு சங்கம், பயர்மேனுக்கு ஒரு சங்கம், கண்டக்டருக்கு ஒரு சங்கம். ஒருவர் வேலையை நிறுத்தினால் மற்றவர் வண்டியை ஓட்டுவார். (ரெயில்வேயில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியது இல்லை.) 1893-ல் எல்லோரையும் சேர்த்து அமெரிக்க ரெயில்வே யூனியனைத் தொடங்கினார், டெப்ஸ். அதிலும் ஒரு குறை. கறுப்பர்களையும் சேர்க்கவேண்டும் என்று அவர் வாதாடியும், 1894 மாநாட்டில் ஓட்டெடுப்பில் தோற்றார்.

புல்மன் போராட்டம்

சிகாகோ அருகே, படுக்கை ரெயில் பெட்டி செய்யும் புல்மன் கம்பெனி தன் பெயரிலேயே ஊர் கட்டி, தொழிலாளர்களைக் குடிவைத்து இருந்தது. மந்தம் வந்ததும் கூலியைக் குறைத்தது. வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை!

1894 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. புல்மன் பெட்டி கோத்த ரெயில்களைத் தொடமாட்டோம் என்று அடுத்த மாதம் டெப்சின் யூனியனும் இறங்கியது.

சுதந்திரம் என்ற சொல்லுக்கு இங்கேதான் இரண்டு அர்த்தம் மோதின. என் கம்பெனி, என் ஊர், பிடித்தவன் இருக்கலாம், பிடிக்காதவன் போகலாம் என்பது முதலாளியின் சுதந்திரம். பசித்தவன் தனியாக நின்று முதலாளியிடம் பேரம் பேசுவது சுதந்திரமே அல்ல, சேர்ந்து நிற்கும் உரிமை வேண்டும் என்பது டெப்ஸ் கட்சி. தபால் தடைபடுகிறது என்று காரணம் காட்டி, ஜனாதிபதி கிளீவ்லாண்டு ராணுவத்தை அனுப்பினார். கோர்ட்டு தடை உத்தரவை மீறியதாக டெப்சுக்கு 6 மாதம் ஜெயில். யூனியன் நொறுங்கியது.

வெளியே வந்தவர், சில ஆண்டுகளில் சோசலிஸ்டு ஆனார். 1900-ல் முதல் முறையாக ஜனாதிபதி தேர்தலில் நின்றார். 1908-ல் "சிவப்பு ஸ்பெஷல்" என்ற தனி ரெயிலில் நாடு முழுவதும் பிரசாரம் செய்தார். 1912-ல் 100-க்கு 6 ஓட்டு கிடைத்தது.

பேச்சுக்கு 10 ஆண்டு

முதல் உலகப்போர் வந்தது. ஜனநாயகத்தைக் காக்கவே போர் என்றார், ஜனாதிபதி வில்சன். 1918 ஜூன் 16-ந் தேதி, ஒகையோ மாநிலம் காண்டன் நகரில் டெப்ஸ் அந்தப் போரை எதிர்த்துப் பேசினார். யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. பேச்சுக்காக 10 ஆண்டு ஜெயில்! பேச்சு சுதந்திரத்தை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு அது. 1919-ல் சுப்ரீம் கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்தது. நீதிபதிகளில் ஒருவர்கூட மாறுபடவில்லை.

1920 தேர்தலில் அட்லாண்டா ஜெயிலில் இருந்தபடியே நின்றார். 9653-ம் எண் கைதிக்கு 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஓட்டுப் போட்டார்கள்.

வில்சன் கடைசிவரை மன்னிக்கவில்லை. அடுத்து வந்த ஹார்டிங், 1921 கிறிஸ்துமஸ் அன்று விடுதலை செய்து, வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசி அனுப்பினார். உடல்நலம் கெட்டிருந்த டெப்ஸ், 1926 அக்டோபர் 20-ந் தேதி காலமானார். டெர்ரே ஹோட்டில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது.